அச்சுப் பிசகாத ஆறு சாவிகள்

அந்தப் பழைய பங்குக் கோயிலுக்குள் நுழைந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சாவியக்கா மட்டும் குனிந்து பார்த்தாள்.

ஆண்டுக்கு ஒரு நாள் அந்தக் கோயிலை ஊருக்கே திறந்துவிடுவார்கள். எந்த மதமானாலும் எந்தத் தெருவானாலும் வரலாம். மற்ற நாளில் பூட்டிக் கிடக்கும் பாடகர் மாடம், பாதிரியார் உடை மாற்றும் அறை, மணிக்கோபுரம் எல்லாவற்றுக்கும் அன்று வழி உண்டு. வந்தவர்கள் கூரையின் மர வளைவுகளையும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களையும் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, கடைசியில் கோபுரத்தில் ஏறி ஊரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள்.

சாவியக்கா வந்தது பூட்டுகளைப் பார்க்க.

"எல்லாரும் மேல பாக்கறாங்க. நீ என்னமோ தோட்டைத் தொலைச்சவ மாதிரி கீழயே பாத்துட்டு வர்றே," என்றார் கணவர். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பின்னால் இருப்பவர்களின் முகத்தைப் பார்க்காமலேயே முப்பது ஆண்டுகள் பதில் சொல்லிப் பழகியதால், வீட்டிலும் திரும்பிப் பார்த்துப் பேசமாட்டார்.

"கூரைக்குப் பூட்டு இருந்தா மேல பாப்பேன்," என்றாள் அவள்.

அவளுடைய கடை கடைத்தெருவில், தையல் கடைக்கும் செருப்புக் கடைக்கும் இடையில் இருந்தது. நடுவில் நின்று கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தொடும். அப்பாவின் கடை. அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியபோது, 'ஒரு மாசம் பாத்துக்கறேன்' என்று பத்தொன்பது வயதில் அரத்தை எடுத்தவள். அந்த ஒரு மாதம் முடியாமலே ஐம்பத்து மூன்று வயதாகிவிட்டது. சின்னச் சாவிகளை வெட்ட இயந்திரம் வாங்கிப் போட்டிருந்தாள். விரல் நீளத்துக்கு மேற்பட்ட இரும்புச் சாவியென்றால் கைதான், அரம்தான்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. அராவி முடித்ததும் பழைய சாவியின்மேல் புதியதை ஒட்டிவைத்து விளக்குக்கு நேரே பிடிப்பாள். ஒன்றின் ஓரம் மற்றதைவிட மயிரிழை நீண்டாலும் குறைந்தாலும் புதியதைத் தகர டப்பாவில் வீசிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். வாடிக்கையாளர் கடிகாரத்தைப் பார்த்தால், "அவசரம்னா பக்கத்துத் தெருவுக்குப் போங்க. அங்க சீக்கிரமா தப்புப் பண்ணித் தருவாங்க," என்பாள்.

அவள் கொடுத்த சாவி ஒன்றும் தப்பென்று திரும்பி வந்ததில்லை. ஒரே ஒரு முறை ஒருவர் வந்து, சாவி சேரவே இல்லை என்று கடை அதிரச் சத்தம் போட்டார். மறுநாள் அவரே வந்து, தான் குடிவந்த புது வீட்டுக்குப் பதில் அடுத்த மாடியில் இருந்தவர் கதவில் அரைமணி நேரம் போராடியதைத் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். அந்தக் கதை தெருவில் இன்றும் ஓடுகிறது.

பங்குக் கோயிலில் புழங்குகிற பூட்டுகள் பதினேழு. கோயிலைப் பெருக்கி, விளக்கேற்றி, மணியடித்து, கதவு திறந்து மூடுகிற கோயில்பிள்ளைதான் சாவிகளை அவளிடம் கொண்டுவருவார். வளைந்தது, விரிசல் விட்டது, தொலைந்துவிடுமோ என்று இன்னொன்று வேண்டியது என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். இப்போது புழக்கத்தில் இருக்கும் பதினேழு சாவிகளும் அவள் கையால் ஆனவை. ஆனால் ஒரு பூட்டையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. சாவி கடைக்கு வரும், கதவா வரும்? திறந்துவிடும் நாள் எப்போதும் சனிக்கிழமை, கடையில் கூட்டம் நெரியும் நாள். இந்த ஆண்டு சாக்கடைக் குழாய் மாற்றுகிறோம் என்று கடைத்தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். வாசலில் ஆளுயரப் பள்ளம். கடையை மூடிவிட்டு வந்திருந்தாள்.

அராவும்போதெல்லாம் ஒவ்வொரு சாவிக்கும் மனத்துக்குள் ஒரு கதவை மாட்டி வைத்திருந்தாள். அத்தனையும் தப்பு. கட்டைவிரல் அளவு பித்தளைச் சாவி ஏதோ அலமாரிக்கு என்று நினைத்திருந்தாள். அது ஞானஸ்நானத் தொட்டியின் மூடிக்கு. நான்கு பக்கமும் வெட்டு விழுந்த முரட்டுச் சாவி பெரிய வாசலுக்காக இருக்கும் என்று நம்பியிருந்தாள். அது மெழுகுவத்தி வைக்கிற அறைக்கு. பெரிய வாசலுக்கோ பூட்டே இல்லை. உள்ளே குறுக்கே போடுகிற மரத்தடிதான்.

"இத்தனை வருஷமா மெழுகுவத்திக்கா இந்தப் பாடு பட்டேன்," என்று சிரித்தாள்.

உடை மாற்றும் அறையின் பூட்டுக்கு முன்னால் அவள் குந்தி உட்கார்ந்துவிட்டாள். சாவித்துவாரத்துக்கு மேல் ஒரு சின்னத் தகடு இலைபோலத் தொங்கியது. விரலால் ஒதுக்கினால் துவாரம் தெரியும். விட்டால் தானே வந்து மூடிக்கொள்ளும். தூசு போகாமல் இருக்க யாரோ யோசித்துச் செய்தது. அந்த இலைக்கு நரம்புகூடக் கீறியிருந்தார்கள். தேய்ந்து தேய்ந்து நடு நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தது.

"என்னங்க, இதைப் பாருங்களேன். இதைச் செஞ்ச ஆளு வீட்டுக்குப் போகவே மனசில்லாம செஞ்சிருக்கான்."

"இல்லாட்டி அவன் பொண்டாட்டி உன்னை மாதிரி இருந்திருப்பா," என்றார் கணவர், சன்னலைப் பார்த்துக்கொண்டே.

கோபுரத்தின் அடிவாசலுக்கு வந்தபோது மணி பத்தரை. வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. 'கோபுரம் ஏறும் முதல் குழு: பன்னிரண்டு மணி' என்று பலகையில் எழுதியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஜனம். அந்தப் பக்கம் மூன்று பேர். இளவயதுப் பங்குத்தந்தை, கோயில்பிள்ளை, மடக்கு மேசையும் ரம்பமுமாக ஒரு தச்சர். தச்சர் கதவில், பூட்டைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் ஒரு சதுரம் போட்டிருந்தார்.

அந்தச் சதுரத்தைப் பார்த்ததும் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கயிற்றருகே போனாள். பொருத்தி வைத்த ஒன்றை வெட்டி எடுக்கப்போகிறார்கள் என்பது பூட்டு வேலை தெரிந்தவளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"என்ன ஆச்சு, கோயில்பிள்ளை?"

அவளைக் கண்டதும் அவர் முகம் இன்னும் சுருங்கியது. "வாங்க சாவியக்கா. நீங்களும் வந்து என் மானம் போறதைப் பாருங்க. ரெண்டு வாரமா கோபுரக் கதவு திறக்கல. மணியும் அடிக்கல. நான் சாவியை முரட்டுத்தனமா திருப்பிக் கெடுத்துட்டேனாம்."

"கெடுத்தீங்கன்னு சொல்லல," என்றார் பங்குத்தந்தை. "பாத்துத் திருப்பியிருக்கலாம்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் ஃபாதர். ஒண்ணு அடி, ஒண்ணு தடவிக் கொடுத்துட்டு அடி."

"சாவி சுத்துதா?" என்று கேட்டாள் சாவியக்கா.

"நல்லாவே சுத்துது, ராட்டினம் மாதிரி. பூட்டுதான் கண்டுக்க மாட்டேங்குது."

சாவியை வாங்கினாள். அவளுடையதுதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் அராவியது. கோபுரத்துக்காக அவள் செய்த சாவிகளில் இது ஆறாவது. முதல் சாவியைச் செய்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஐந்து, ஆறு ஆண்டுக்கு ஒரு முறை கோயில்பிள்ளை புழக்கத்தில் இருக்கும் சாவியைக் கொண்டுவருவார். அவள் அதைப் பார்த்து அச்சுப் பிசகாமல் இன்னொன்று செய்வாள். பழையது எங்காவது போய்விடும். அடுத்த முறை புதியதே பழையதாக வந்து நிற்கும்.

கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தாள். யாரும் தடுக்கவில்லை. முட்டி மடக்கி உட்கார்ந்து, சாவியைத் துவாரத்தில் நுழைத்தாள். திருப்பவில்லை. அப்படியே கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

சாவித்தண்டின் நுனியில் கொடிபோல நீட்டிக்கொண்டிருக்கிற பல் துவாரத்தின் அடிவரை எட்டவில்லை. கீழே ஒரு நெல் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி, சாவி துவாரத்துக்குள் தொளதொளவென்று நின்றது. பூட்டு செய்தவன் துவாரத்தை வேண்டுமென்றே பெரிதாக வெட்டியிருக்க மாட்டான். இலைக்கு நரம்பு கீறியவர்கள் வேலை செய்த இடம். அவன் சாவி இந்தத் துவாரத்தை நிறைத்திருக்கும்.

அவளுக்குப் புரிந்துபோயிற்று. முதல் நாள் அவளிடம் வந்த சாவியே பல் தேய்ந்த சாவி. தேய்ந்ததைத் தேய்ந்தபடியே செய்தாள். அது ஐந்து ஆண்டு புழங்கி இன்னும் கொஞ்சம் தேய்ந்தது. அந்தத் தேய்மானத்தையும் சேர்த்து இரண்டாவதைச் செய்தாள். பிறகு மூன்றாவது. ஒவ்வொரு முறையும் விளக்குக்கு நேரே பிடித்து, மயிரிழை வித்தியாசம் இல்லை என்று மனநிறைவோடு கொடுத்தனுப்பினாள். உள்ளே தாழை நகரவிடாமல் பிடித்திருக்கும் நெம்பு என்கிற சின்ன இரும்புத் துண்டைப் பல் தொட்டுத் தூக்க வேண்டும். இப்போது தொடாமல் காற்றில் சுற்றுகிறது. அரைகுறையாக வேலை செய்கிறவள் செய்திருந்தால் ஆறில் ஒன்றாவது கொஞ்சம் உயரமாக வந்து, பூட்டு பிழைத்திருக்கும்.

"பூட்டு பழசாயிடுச்சா அம்மா?" என்று கேட்டார் பங்குத்தந்தை.

கயிற்றுக்கு அப்பால் இருந்து கணவர் குனிந்தார். இந்த ஒரு முறை அவள் முகத்தைப் பார்த்தே, தாழ்ந்த குரலில் பேசினார். மனைவியின் காது மடல் சிவந்துவிட்டதை அவர் கவனித்திருந்தார். "ஆமான்னு சொல்லிடேன். முந்நூறு வருஷத்துப் பூட்டு, பழசுதானே? அதுல பொய் ஒண்ணும் இல்லயே."

பொய் இல்லைதான். அப்படிச் சொன்னால் கோயில்பிள்ளையும் தப்பிப்பார், அவளும் தப்பிப்பாள். ரம்பம் கதவில் இறங்கும், அவ்வளவுதான். கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொள்கிற அந்தப் பேர் அப்படியே இருக்கும்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையாயிடும்," என்று முணுமுணுத்தாள். கதவைப் பிடித்து எழுந்தாள். கூட்டத்துக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

"பூட்டு நல்லா இருக்கு சாமி. கோயில்பிள்ளை மேலயும் தப்பு இல்ல. தப்பு என்னோடது. தேஞ்ச சாவியைப் பாத்துத் தேஞ்ச சாவியாவே செஞ்சு கொடுத்திருக்கேன். ஒண்ணில்ல, ஆறு. பூட்டை ஒரு தடவையாவது வந்து பாத்திருக்கணும். பாக்கல."

கோயில்பிள்ளை அவளை வாயைப் பிளந்து பார்த்தார். இரண்டு வாரமாகச் சுமந்த பழியை ஒருத்தி வலிய வந்து வாங்கிக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

தச்சர்தான் கேட்டார். "அப்போ மத்த சாவிங்களும் அப்படித்தானேக்கா?"

அது அவள் நெஞ்சில் சரியாகப் போய்க் குத்தியது. "அப்படித்தான் இருக்கும். ஒவ்வொண்ணா பாக்கணும். முதல்ல இது. எனக்குப் பன்னண்டு மணி வரைக்கும் விடுங்க சாமி."

பங்குத்தந்தை கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், சுண்ணக்கட்டிச் சதுரத்தைப் பார்த்தார். "பன்னண்டு வரைக்கும்," என்றார்.

"பன்னண்டு அடிச்சா நான் ரம்பத்தை வச்சிடுவேன்கா. மேல போறவங்ககிட்ட சொல்லியாச்சு," என்றார் தச்சர்.

"வைப்பா. ஒரு நிமிஷம் முன்னாடி வச்சேன்னா மட்டும் உன் விரலுக்கு நான் பொறுப்பில்ல."

கணவர் அதற்குள் வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். "கருவிப் பெட்டியா?"

"பெட்டியும், மேல் தட்டுல பெரிய வெட்டாத சாவிங்க ஒரு கொத்து இருக்கும், அதுவும். பள்ளத்துல விழுந்து வைக்காதீங்க."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்டி."

"பஸ்ஸு பள்ளத்துல இறங்கினதில்லையாக்கும்."

இருபது நிமிடத்தில் வந்துவிட்டார், முழங்கால்வரை செம்மண்ணோடு.

கொத்திலிருந்து ஒரு சாவியைத் தேர்ந்தாள். தண்டு சரியாக இருந்தது. பல் அகலமாக, வெட்டு ஏதும் விழாமல், வெறும் தகடாக இருந்தது. பக்கவாட்டு வெட்டுகளைப் பழைய சாவியைப் பார்த்தே போடலாம், அவை தேயவில்லை. உயரத்தை மட்டும் பூட்டைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். சாவியைப் பிடித்துக்கொள்ள இடுக்கி தேடினாள். தச்சர் தன் மடக்கு மேசையை அவள் பக்கம் தள்ளினார். அதில் மரம் பிடிக்கிற இடுக்கி இருந்தது.

கோயில்பிள்ளை மெழுகுவத்தி கொண்டுவந்தார். கோயிலில் அதற்கா பஞ்சம். சாவியின் பல்லைச் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வைத்தாள். துவாரத்தில் நுழைத்து, எதிலாவது இடிக்கும்வரை மெதுவாகத் திருப்பினாள். வெளியே எடுத்தாள். கரி எங்கே உரசிப் போய் இரும்பு பளிச்சென்று தெரிகிறதோ அங்கே பூட்டு தடுக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் மட்டும் நான்கு இழுப்பு. மறுபடி கரி. மறுபடி துவாரம். முதல் முறை சாவி கால் பங்குகூடத் திரும்பவில்லை. ஏழாவது முறை பாதி திரும்பியது. ஒவ்வொரு முறையும் கைமுட்டியைக் கதவில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு திருப்பினாள். உள்ளே நடப்பதைப் பார்க்க விரலைத் தவிர வேறு வழி இல்லை.

வந்தவர்களுக்குச் சன்னல்களின் கதையை விளக்கிக்கொண்டிருந்த ஒரு பள்ளி ஆசிரியையின் குழு ஒவ்வொருவராக இந்தப் பக்கம் நழுவியது. கடைசியில் ஆசிரியையும் வந்தார். "மூணு நூற்றாண்டு சரித்திரம் சொன்னேன், ஒருத்தரும் கேக்கல. இவங்க ஒரு வார்த்தை பேசல, அத்தனை பேரும் இங்க," என்று அலுத்துக்கொண்டு, தானும் எட்டிப் பார்த்தார்.

பதினொன்றே முக்காலுக்கு அவள் அரத்தை மாற்றினாள். மெல்லிய அரம். இனி அதிகமாக ஒரு இழுப்பு இழுத்தாலும் ஏழாவது தப்புச் சாவி ஆகிவிடும். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தினாள். அவள் கை தானாகவே பழைய சாவியை எடுத்துப் புதியதோடு ஒட்டிவைத்து வெளிச்சத்துக்கு நேரே கொண்டுபோயிற்று. முப்பத்துநான்கு ஆண்டுப் பழக்கம். புதியது நெல்லளவு உயரமாக நின்றது. வேறு நாளாக இருந்தால் தகர டப்பாவில் விழுந்திருக்கும். அவள் பழையதை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கதவின் பக்கம் திரும்பினாள்.

சாவி துவாரத்தை நிறைத்துக்கொண்டு உள்ளே போயிற்று. பாதி திரும்பியது. அங்கே கனத்தது. தடையின் கனம் வேறு, தூக்குகிற கனம் வேறு. இது தூக்குகிற கனம். அவள் அழுத்தவில்லை. விடாமல் பிடித்திருந்தாள், அவ்வளவுதான். உள்ளே எதுவோ எழும்பி, நகர்ந்து, 'டக்' என்று அமர்ந்தது. அந்தச் சத்தம் கோபுரத்துக்குள் மேலே மேலே ஏறிப் போனது எல்லோருக்கும் கேட்டது.

கதவை இழுத்தது தச்சர்தான். இரண்டு வாரத்துக் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. கோயில்பிள்ளை யாரையும் முந்தவிடாமல் உள்ளே ஓடி, மேலிருந்து தொங்கிய மணிக்கயிற்றைப் பிடித்தார். அடுத்த நிமிடம் மணி அடித்தது. பன்னிரண்டு முறைதான் அடிக்க வேண்டும். அவர் எண்ணிக்கையை மறந்துவிட்டார், யாரும் திருத்தவில்லை.

பங்குத்தந்தை அவளுக்கு நன்றி சொல்ல வந்தார். "சாமி, எனக்கு அப்புறம் சொல்லிக்கலாம். மணி அடிக்கறவருக்கு முதல்ல ஒண்ணு சொல்லணும் நீங்க," என்றாள். அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். மணிச் சத்தம் நின்றது. இருவரும் வெளியே வந்தபோது கோயில்பிள்ளையின் தோளில் அவர் கை இருந்தது.

தச்சர் ஈரத்துணியால் சுண்ணக்கட்டிச் சதுரத்தைத் துடைத்தார். "மரத்துல உளி தப்பினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்கா. உங்க தப்பு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எதுக்குச் சொன்னீங்க?"

"சொல்லாட்டி பெட்டியைக் கேட்டிருக்க முடியாதே," என்றாள்.

கூட்டம் கோபுரம் ஏறத் தொடங்கியது. அவள் ஏறவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயில்பிள்ளையைக் கூப்பிட்டாள். "மத்த பதினாறையும் காட்டுங்க. இனிமே சாவியை எங்கிட்ட கொண்டு வராதீங்க."

"கதவைக் கழட்டியா கொண்டு வர்றது?"

"நான் வரேன்."

மாலைக்குள் பதினாறையும் பார்த்தாள். பதினொன்று இன்னும் பத்து ஆண்டு தாங்கும். ஐந்து தாங்காது. மெழுகுவத்தி அறையின் சாவி எந்த நாளும் மக்கர் செய்யலாம். ஐந்துக்கும் துவாரத்தின் உயரத்தைக் கம்பியால் அளந்து ஒரு அட்டையில் குறித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னாலேயே பத்துப் பேர், கோயில் பார்க்க வந்தவர்கள், பூட்டு பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

கணவர் மட்டும் கடைசிக் குழுவோடு கோபுரம் ஏறிவிட்டு மூச்சிரைக்க இறங்கி வந்தார். ஊர் எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்டாள்.

"ஊர் கிடக்கட்டும். மணிக்கு மேல சின்னதா ஒரு கதவு இருக்கு."

அவள் கோயில்பிள்ளையைப் பார்த்தாள். "அதுவா? கடிகார அறை," என்றார் அவர். "நான் வேலைக்கு வந்ததுலேர்ந்து அது திறந்ததில்லக்கா. சாவியே கிடையாது."

"எத்தனை படி?"

"நூத்தி நாப்பத்தி ரெண்டு," என்றார் கணவர். "உன் முட்டிக்கு ஆகாது. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"ஒண்ணைப் பாக்காம விட்டதுதான் இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டுச்சு," என்று சொல்லி, பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள்.